மழை பொய்த்த வருஷமும் மனிதர் சண்டையும்

(வானொலியில் பேசிய உரையின் எழுத்து வடிவம். திருமானூர்ப் பக்கத்துக் கொள்ளிடக் கரை விவசாயிகளுக்காக.)



வழக்கமாக விதை நேர்த்தி, உரம், பூச்சி மருந்து என்று ஏதாவது பேசுவோம். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. கொஞ்சம் சரித்திரம் பேசலாம் என்றிருக்கிறேன். சரித்திரம் என்றதும் ராஜா ராணி கதை என்று நினைத்துவிட வேண்டாம். இது மழையைப் பற்றின சரித்திரம். மழை தப்பின காலத்தில் மனிதர்கள் ஏன் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள், எப்போது மோதாமல் சமாளித்தார்கள் என்பதைப் பற்றியது.

திருமானூர்ப் பாலத்தின் மேல் நின்று கொள்ளிடத்தைப் பார்க்காதவர்கள் நம் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. ஒரு வருஷம் இரு கரையும் கொள்ளாமல் தண்ணி போகிறது. இன்னொரு வருஷம் அதே பாலத்துக்கடியில் மாடு மேய்கிறது, மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். எதிர்க்கரையில் திருவையாற்றுப் பக்கம் காவிரி வாய்க்கால் இருக்கிறது. இந்தக் கரையில் நமக்குப் புள்ளம்பாடி வாய்க்காலும், கரைவெட்டி மாதிரி ஏரிகளும், போர்வெல்லும், மேட்டுக்காட்டில் வானம் பார்த்த பூமியும்தான். ஆகவே ஒரு வருஷத்து மழைக்கும் அடுத்த வருஷத்து மழைக்கும் உள்ள வித்தியாசம் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. "மழை இல்லை, அதனால் சண்டை வந்தது" என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அது அவ்வளவு நேராக வருகிற விஷயம் இல்லை. வானத்தைப் பார்த்துவிட்டு யாரும் அரிவாளைத் தூக்குவதில்லை. நடுவிலே பல படிகள் இருக்கின்றன.

தண்ணி வரும் என்று நம்பி நாற்று விட்டிருப்பீர்கள். வரவில்லை. 25 நாளில் பறிக்க வேண்டிய நாற்று 40 நாளாகிறது. முற்றின நாற்றை நட்டால் தூர் கட்டாது. நடவு தள்ளிப் போகப் போக நடவுக்கு வருகிற பெண்களுக்குக் கூலி இல்லை. கூலி இல்லாவிட்டால் மளிகைக் கடையில் கடன். வைக்கோல் இல்லாததால் மாட்டை விற்க வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போவதால் மாட்டு விலை விழுகிறது, அதே சமயம் அரிசி விலை ஏறுகிறது. இத்தனைக்கும் பிறகு ஒருநாள் ராத்திரி, தன் முறை வந்தும் வாய்க்காலில் தண்ணி வரவில்லையே என்று கடைமடைக்காரர் டார்ச் லைட்டோடு நடந்து போகிறார். தலைமடையில் ஒரு மடை திறந்தபடியே கிடக்கிறது. வார்த்தை தடிக்கிறது, மண்வெட்டி ஓங்கப்படுகிறது. போலீஸ் ஸ்டேஷனில் "வாய்க்கால் தகராறு" என்று ஒரு வரி எழுதுவார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மூன்று மாதத்துச் சங்கதி இருக்கிறது.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தாது வருஷப் பஞ்சத்துக்குப் போக வேண்டும். அதாவது 1876. அந்த வருஷம் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. ஆற்றுப் பாசனம் உள்ள தஞ்சாவூரைவிட, வானம் பார்த்த ஜில்லாக்களான பெல்லாரி, கர்னூல், கடப்பா, சேலம், கோயம்புத்தூர் எல்லாம் பலமாக அடிபட்டன. 1878 வரைக்கும் அந்தக் கஷ்டம் நீடித்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலபேர் இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு கடல் கடந்த தேசங்களுக்கும் கப்பலேறினார்கள்.

தானியம் சுத்தமாக இல்லாமல் போனதா என்றால், அப்படியும் இல்லை. தானியம் இருந்தது. ரயிலும் வந்துவிட்டது. ஆனால் விலை எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது. வேலை இல்லாத கூலிக்காரன் கையில் காசு இல்லை. கண் முன்னால் மூட்டை மூட்டையாகத் தானியம் வண்டியில் போகிறது, அவன் வீட்டில் உலை வைக்க வழியில்லை. அந்தக் காலத்தில் தானியக் கொள்ளையும் வழிப்பறியும் பெருகின. மழை குறைந்ததும் விலை ஏறியது, விலை ஏறியதும் கொள்ளை ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

சர்க்கார் நிவாரண வேலை வைத்தது. வெள்ளைக்கார சர்க்கார் அனுப்பின ரிச்சர்டு டெம்பிள் என்பவர் வந்து, செலவு அதிகம் என்று சொல்லிக் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கிற ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கான காசு, மேற்கொண்டு ஒரு அணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டுகிற ஆளுக்கு இது காணுமா என்று நீங்களே சொல்லுங்கள். சென்னை ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அவர் மாதிரி ஒருவர் அங்கே இருந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது.

பஞ்சத்துக்குப் பிறகு ஒரு கமிஷன் போட்டார்கள். 1880-ல் அது அறிக்கை கொடுத்தது. அதில் ஒரு முக்கியமான விஷயம், பஞ்சம் என்பது தானியப் பஞ்சத்தைவிட வேலைப் பஞ்சமாகத்தான் ஜனங்களைத் தாக்குகிறது என்பது. விளைச்சல் போனால் முதலில் போவது கூலி. அதற்குப் பிறகுதான் பஞ்ச காலத்தில் சர்க்கார் இன்ன இன்னது செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்த பஞ்ச விதிகள் உண்டாயின. "முன்கூட்டியே எழுதிவைத்த" என்று சொன்னதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றித்தான் மற்ற கதையெல்லாம் வரப்போகிறது.

1918-லும் இதே மாதிரி. முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது, சாமான் விலை ஏற்கெனவே ஏறியிருந்தது. அந்த வருஷம் மழையும் கைவிட்டது. செப்டம்பரில் சென்னைப் பட்டணத்திலேயே கடைகளை ஜனங்கள் சூறையாடினார்கள். வெறும் மழைக்குறைவு மட்டும் இருந்திருந்தால் அந்த அளவுக்குப் போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மழை ஏன் இப்படி ஒரு வருஷம் வந்து ஒரு வருஷம் ஏமாற்றுகிறது? இதற்குப் பல காரணம் உண்டு. ஒன்று நமக்கு ரொம்ப தூரத்தில் இருக்கிறது. பசிபிக் மகா சமுத்திரத்தில், தென் அமெரிக்காவுக்குப் பக்கத்துக் கடல் சில வருஷங்களில் வழக்கத்தைவிடச் சூடாகிவிடுகிறது. இதற்கு எல் நினோ என்று பெயர். அந்த மாதிரி பல வருஷங்களில் நம் தேசத்துத் தென்மேற்குப் பருவமழை குறைந்திருக்கிறது. குடகு மலையில் தென்மேற்கு மழை குறைந்தால் காவிரி குறையும், காவிரி குறைந்தால் புள்ளம்பாடி வாய்க்கால் குறையும். 1877-ல் வந்தது மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று. நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லுகிற அதே காலத்தில் வட சீனாவிலும் பிரேசில் தேசத்தின் வடகிழக்கிலும்கூடக் கொடும் பஞ்சம். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்பவர்தான், நம் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடப்போய், தூரத்துச் சமுத்திரங்களின் காற்றழுத்தத்துக்கும் நம் மழைக்கும் உள்ள தொடர்பைக் கணக்குப் போட்டுக் காட்டினார்.

2011-ல் சில ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு கணக்குப் போட்டார்கள். 1950-லிருந்து 2004 வரை நடந்த உள்நாட்டுச் சண்டைகளை எடுத்துக்கொண்டு, எல் நினோ வருஷங்களில் வெப்பமண்டல நாடுகளில் புதுச் சண்டை மூளும் வாய்ப்பு, அதற்கு நேர் எதிரான லா நினா வருஷங்களைப் போல் இரண்டு மடங்கு என்றார்கள். நூற்றுக்கு மூன்று இருந்த இடத்தில் ஆறு. இதை எல்லா ஆராய்ச்சியாளர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. நூற்றுக்கு ஆறு என்றால், மீதித் தொண்ணூற்று நான்கு இடங்களில் சண்டை வரவில்லை. அவர்களுக்கும் அதே வறட்சிதானே?

அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கதை இருக்கிறது. நமக்கு அது அந்நியமான கதை இல்லை. அறுவடை முடிந்ததும் ராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரிகள் ஆடு ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வந்து நம் வயலில் கிடை போடுகிறார்கள் இல்லையா? வயலுக்கு எரு, ஆட்டுக்குத் தீனி. சூடான் தேசத்தின் மேற்கே டார்ஃபூர் என்ற இடத்திலும் பயிர் செய்கிறவர்களும் ஒட்டகம், மாடு மேய்க்கிறவர்களும் இப்படித்தான் அனுசரித்து வாழ்ந்தார்கள். எந்த மாதம் எந்தப் பாதையில் மந்தை வரலாம் என்று ஏற்பாடு இருந்தது. மந்தை பயிரில் இறங்கிவிட்டால் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். 1971-ல் அங்கே இருந்த சர்க்கார் இந்தப் பழைய நிர்வாக முறையைக் கலைத்துவிட்டது. அதற்குச் சரியான மாற்று ஏற்பாடும் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1983, 84-ல் பெரும் வறட்சி. புல் காய்ந்து மந்தைகள் அறுவடைக்கு முன்னாலேயே தெற்கே இறங்கின. பயிர்க்காரர்கள் வேலி போட்டார்கள். பேசித் தீர்க்க ஆளில்லை. பக்கத்துத் தேசத்துச் சண்டைகளிலிருந்து துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. அரசாங்கம் ஒரு தரப்புக்கு ஆயுதம் கொடுத்தது. 2003-ல் பெரிய யுத்தமே மூண்டு லட்சக்கணக்கான உயிர் போயிற்று. வறட்சிக்கும் யுத்தத்துக்கும் நடுவில் இருபது வருஷம் இருக்கிறது பாருங்கள். அந்த இருபது வருஷத்தில் என்ன செய்தார்கள், என்ன செய்யத் தவறினார்கள் என்பதில்தான் காரணம் இருக்கிறது.

இப்போது நம் காவிரிக்கு வருவோம்.

காவிரித் தகராறு நேற்று வந்ததில்லை. மைசூர் சமஸ்தானமும் சென்னை ராஜதானியும் 1892-ல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகு மைசூர்க்காரர்கள் கண்ணம்பாடியில், அதாவது கிருஷ்ணராஜ சாகரத்தில், பெரிய அணை கட்டப் புறப்பட்டபோது தகராறு முற்றியது. வருஷக்கணக்கில் எழுதிப் பேசி, கடைசியில் 1924 பிப்ரவரி 18-ந் தேதி இன்னொரு ஒப்பந்தம் ஆயிற்று. அவர்கள் கண்ணம்பாடியைக் கட்டிக்கொள்ளலாம், நாம் மேட்டூரைக் கட்டிக்கொள்ளலாம், எத்தனை ஏக்கர் புதிதாகச் சாகுபடிக்குக் கொண்டுவரலாம் என்று எழுதிக்கொண்டார்கள். மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது.

அந்த ஒப்பந்தத்தில் நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயம் உண்டு. முக்கொம்பு மேலணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் தரை தாழ்வானதால் தண்ணி எல்லாம் கொள்ளிடத்தில் ஓடிவிடுகிறது என்று, ஆர்தர் காட்டன் துரை 1830-களில் கட்டினது அது. அந்த மேலணையில் ஆற்று மட்டம் இந்த மாதத்தில் இத்தனை அடி இருந்தால்தான் மேலே கண்ணம்பாடியில் தண்ணியைத் தேக்கலாம் என்று விதி செய்தார்கள். யார் பெரியவர், யாருக்குத் தண்ணி அதிகம் வேண்டும் என்ற வாக்குவாதமே இல்லை. மேலணையில் அளவுகல் என்ன காட்டுகிறதோ அதுதான் பேச்சு. மழை கூடின வருஷத்துக்கும் குறைந்த வருஷத்துக்கும் அதே கல்தான். இது நியாயமான ஏற்பாடா என்று கன்னடத்துக்காரரைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லுவார். வெள்ளைக்காரன் ராஜ்யத்தில் சென்னைக்குச் சாதகமாகச் செய்தது என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொல்வதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ஆனாலும் அளவுகல் என்று ஒன்று இருந்தவரைக்கும் சண்டை காகிதத்தோடு நின்றது.

அந்த ஒப்பந்தத்தின் சில அம்சங்களை ஐம்பது வருஷம் கழித்து, 1974-ல், மறுபடி பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் கபினி, ஹேமாவதி என்று மேலே புது அணைகள் எழும்பத் தொடங்கிவிட்டன. 1974 வந்து போயிற்று. புது ஒப்பந்தம் ஆகவில்லை. கூட்டம் போட்டார்கள், கலைந்தார்கள், மறுபடி போட்டார்கள். 1983-ல் காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. ஏழு வருஷம் கழித்து, அந்த வழக்கில்தான் நடுவர் மன்றம் அமைக்கும்படி உத்தரவாயிற்று. 1990 ஜூன் 2-ந் தேதி நடுவர் மன்றம் அமைந்தது. நம் மாதிரி விவசாயிகள் போட்ட மனு என்பதை மறந்துவிடக் கூடாது.

நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ந் தேதி இடைக்கால உத்தரவு போட்டது. வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் மேட்டூருக்கு வந்து சேர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. அதை ஓர் அடி உயரத்துக்கு நிறுத்தினால் ஏறக்குறைய 23,000 ஏக்கரில் நிற்கும். எப்படி இந்த 205-ஐக் கணக்குப் பண்ணினார்கள்? பத்து வருஷத்து வரத்தை எடுத்து, அதிகப்படியாக வந்த வருஷங்களையும் மிக மோசமான வருஷங்களையும் ஒதுக்கிவிட்டு, நடுவாந்தர வருஷங்களுக்குச் சராசரி போட்டார்கள். கணக்கு வாத்தியார் மெச்சுவார். ஆனால் மோசமான வருஷம் என்று ஒன்று வருமே, அப்போது யாருக்கு எவ்வளவு? அது உத்தரவில் இல்லை.

கர்நாடக அரசு அந்த உத்தரவை ஏற்க முடியாது என்று அவசரச் சட்டம் போட்டது. அந்தச் சட்டம் செல்லாது என்று நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. டிசம்பர் 11-ந் தேதி உத்தரவு மத்திய அரசின் கெஜட்டில் வெளியாயிற்று. மறுநாளே பெங்களூரில் கலவரம். தமிழர் கடைகள், வீடுகள், குடிசைகள் எரிந்தன. மைசூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கூலி வேலைக்குப் போயிருந்த தமிழ்க் குடும்பங்கள் கட்டின துணியோடு ஓடிவந்தன. உயிர்களும் போயின. தமிழ்நாட்டில் கன்னடம் பேசுகிறவர்களும் பயந்துபோய் இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓடிவந்தவர்கள் யார் என்று யோசித்தால் மனசு கஷ்டப்படுகிறது. காவிரித் தண்ணியில் ஒரு சொட்டுக்கூடச் சொந்தமில்லாதவர்கள். நம் பக்கத்து வறண்ட ஜில்லாக்களில் மழை இல்லாமல், வேலை இல்லாமல், பிழைக்கப் போன ஏழைகள். அடித்தவர்களிலும் எத்தனை பேர் நிலம் வைத்திருந்தார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. 1991 வறட்சி வருஷமே இல்லை! அந்த வருஷம் குடகில் மழை நன்றாகப் பெய்து, உத்தரவில் சொன்ன 205-ஐத் தாண்டியே மேட்டூருக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியானால் எதற்குச் சண்டை? வரப்போகிற வறட்சியைப் பற்றின பயத்துக்குத்தான். "மழை இல்லாத வருஷத்திலும் 205 கொடுத்தாக வேண்டும் என்றால் நாம் என்ன ஆவது" என்று அங்கே இருந்த பயத்தை, அரசியல் பேசினவர்கள் ஊதி ஊதிப் பெரிதாக்கினார்கள். மோசமான வருஷத்துக்குக் கணக்கு எழுதாமல் விட்டதற்கு நல்ல வருஷத்திலேயே ரத்தம் சிந்தவேண்டி வந்தது.

அடுத்த மூன்று வருஷம் மழை கைகொடுத்தது. 1995-ல் மழை குறைந்தது. தமிழ்நாடு 30 டி.எம்.சி. கேட்டது, நடுவர் மன்றம் 11 சொன்னது, கடைசியில் பிரதமர் நரசிம்ம ராவ் முதலமைச்சர்களைக் கூப்பிட்டுப் பேசி 6 டி.எம்.சி. விடச் சொன்னார். நாற்று காய்கிற நேரத்தில் முப்பதுக்கும் ஆறுக்கும் நடுவே பேரம்! ஆனாலும் 1991 மாதிரி குடிசைகள் எரியவில்லை. உண்மையான வறட்சி வந்த வருஷத்தில் பெரிய கலவரம் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2002-ல் வந்தது கடும் வறட்சி. அந்தப் பாசன வருஷத்தில் நமக்குக் கிடைத்தது 205-ல் பாதியளவுதான். டெல்டாவில் குறுவை போயிற்று. அங்கே கபினி அணையில் தண்ணீர் திறக்கக்கூடாது என்று போராடின விவசாயி ஒருவர் அணையிலேயே குதித்து உயிரை விட்டார். இரண்டு பக்கமும் ஊர்வலம், பந்த், சினிமாக்காரர் கூட்டம். அந்தச் சூட்டில்தான், 2003 ஏப்ரலில், ஓர் அபூர்வமான காரியம் நடந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜனகராஜன் முயற்சியில் இரண்டு மாநிலத்து விவசாயிகளும் சென்னையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இங்கேயிருந்து மன்னார்குடி ரங்கநாதன், அங்கேயிருந்து விவசாயிகள் சங்கத் தலைவர் புட்டண்ணையா போன்றவர்கள். காவிரிக் குடும்பம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு இவர்கள் அங்கே போய் மாண்டியா வயலைப் பார்த்தார்கள், அவர்கள் இங்கே வந்து டெல்டா வயலைப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் தண்ணி வீணாகிறது என்று நினைத்து வந்தவர் காய்ந்த வாய்க்காலைப் பார்த்தார். கர்நாடகத்தில் அணை நிறையத் தண்ணி ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் போனவர் அணையின் அடிச்சேற்றைப் பார்த்தார். அவர்களால் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு முடிவு காண முடியவில்லை. சட்டப்படி அவர்களுக்கு அதிகாரமும் இல்லை. இருந்தாலும் என்னைக் கேட்டால், காவிரிச் சரித்திரத்தில் இந்தச் சின்னக் கூட்டத்துக்குப் பெரிய கூட்டங்களைவிட மதிப்பு அதிகம்.

2007-ல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புக் கொடுத்தது. மொத்தம் 740 டி.எம்.சி. என்று வைத்து, தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7 என்று பங்கு போட்டது. தண்ணீர் குறைந்த வருஷத்தில் எல்லோர் பங்கும் அதே விகிதத்தில் குறையும் என்று இப்போதுதான் எழுதினார்கள். எழுதினார்களே தவிர, வாராவாரம் அளந்து கொடுக்க ஓர் அமைப்பு உடனே ஏற்படவில்லை.

அதன் பலன் 2016-ல் தெரிந்தது. குடகில் மழை குறைவு. வினாடிக்கு 15,000 கன அடி விடச்சொல்லி செப்டம்பர் 5-ந் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது, 12-ந் தேதி அதை 12,000 என்று குறைத்தது. குறைத்த அன்றைக்கே பெங்களூர் பற்றி எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் பார்த்து பஸ்களையும் லாரிகளையும் கொளுத்தினார்கள். துப்பாக்கிச் சூடு, ஊரடங்கு எல்லாம் வந்தது. 1991-ல் இல்லாத ஒரு சாமான் இந்தத் தடவை கூடச் சேர்ந்துகொண்டது. அதுதான் செல்போன். அங்கே ஒரு தமிழ்ப் பையனை அடிக்கிற படம் இங்கே வந்தது, இங்கே ஒரு கன்னட டிரைவரை அடிக்கிற படம் அங்கே போயிற்று. தண்ணி பிலிகுண்டுலுவிலிருந்து மேட்டூர் வருவதற்குள் இந்தப் படங்கள் நூறு தடவை போய்த் திரும்பிவிட்டன.

அதே வருஷக் கடைசியில் நம் வடகிழக்குப் பருவமழையும் ஏமாற்றிவிட்டது. தமிழ்நாட்டில் வழக்கமாகப் பெய்ய வேண்டியதில் நூற்றுக்கு 62 பங்கு குறைவு. 1876-க்குப் பிறகு இவ்வளவு மோசமான வடகிழக்குப் பருவம் இல்லை என்றார்கள். தாது வருஷம் திரும்பி வந்த மாதிரிதான். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அரசு அறிவித்தது. ஆனால் தாது வருஷத்தில் நடந்ததுபோல் தானிய வண்டியை யாரும் மறிக்கவில்லை, கடையைச் சூறையாடவில்லை. ஏனென்றால் ரேஷன் கடையில் அரிசி இருந்தது, நூறு நாள் வேலை என்று ஒன்று இருந்தது. இதை நானாகச் சொல்லவில்லை. தீமோ ஃபெட்சர் என்ற பொருளாதார நிபுணர் நம் தேசத்து ஜில்லாக்களை எல்லாம் ஒப்பிட்டு 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நக்சலைட் சண்டை நடக்கிற பகுதிகளில் முன்பெல்லாம் மழை குறைந்தால் சண்டை கூடும். அந்த வேலைத் திட்டம் வந்தபிறகு மழைக்கும் சண்டைக்கும் இருந்த அந்தத் தொடர்பு அறுந்துபோயிற்று என்று கண்டார். 1880-ல் பஞ்சக் கமிஷன் வேலைப் பஞ்சம் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதல்லவா?

2018 பிப்ரவரி 16-ந் தேதி உச்ச நீதிமன்றம் முடிவான தீர்ப்புச் சொன்னது. பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டிய தண்ணீரை 192-லிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. நமக்கு இதில் வருத்தம்தான். ஆனால் கூடவே, அளந்து கொடுக்க ஓர் ஆணையமும் ஒழுங்காற்றுக் குழுவும் வேண்டும் என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. ஜூன் மாதம் ஆணையம் அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், 14.75 டி.எம்.சி. குறைந்துபோயிற்றே என்று நாம் புலம்பிக்கொண்டிருந்த அதே வருஷம் மேட்டூர் நிறைந்து வழிந்தது. ஆகஸ்ட் 22-ந் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்து போயின. அந்தத் தண்ணீரெல்லாம் நம் திருமானூர்ப் பாலத்துக்கடியில்தான் கடலுக்குப் போயிற்று.

பிறகு 2023. ஆகஸ்ட் மாதம் தேசம் முழுக்கவே நூறு வருஷத்துக்கு மேல் இல்லாத வறட்சி. அதுவும் ஓர் எல் நினோ வருஷம். ஒழுங்காற்றுக் குழு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை உட்கார்ந்தது. மேலே அணைகளுக்கு வரத்து பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்து, வினாடிக்கு 5,000 கன அடி, பிறகு 3,000 என்று விடச் சொன்னது. நமக்கு அது போதவில்லை. மேட்டூரை அக்டோபர் 10-ந் தேதியே மூட வேண்டிவந்தது. அவர்களுக்கோ அது அதிகமாகப் பட்டது. பெங்களூரில் பந்த், மறுபடி கர்நாடகம் முழுக்க பந்த். ஆனால் 1991, 2016 மாதிரி பஸ் எரியவில்லை, குடும்பங்கள் ஓடிவரவில்லை. தண்ணீர் தாராளமாக இருந்ததா? இல்லை. உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஓர் இடம் இருந்தது. அந்தக் கணக்கிலும் குறை உண்டு. வறட்சி வருஷத்தில் எந்த வாரம் யாருக்கு எத்தனை என்று இரண்டு மாநிலமும் மனசார ஒப்புக்கொண்ட ஒரு வாய்பாடு 2023-ல் கைவசம் இல்லை. ஒவ்வொரு பதினைந்து நாளும் புதிதாக வாதாட வேண்டியிருந்தது. தீர்ப்பில் சொன்ன பங்கீடு 15 வருஷத்துக்கு என்று எழுதியிருக்கிறது. 2033-ல் மறுபடி இந்தப் பேச்சு வரும்.

பெரிய ஆற்றுக் கதை இருக்கட்டும். நம் ஏரி மதகுக்கும் இதே கதைதான். அங்கே தலைமடை மாண்டியா, கடைமடை டெல்டா. இங்கே தலைமடையும் கடைமடையும் ஒரே ஊர், சில சமயம் அண்ணன் தம்பி. முன்பெல்லாம் முறைத்தண்ணி விட ஊரே ஒரு ஆளை வைத்திருக்கும். எந்த ஊரில் என்ன பெயர் சொன்னாலும் வேலை ஒன்றுதான். அவருக்கு நெல் அளப்பார்கள். அவர் யார் பக்கமும் சாயக்கூடாது என்பதற்காகவே சில ஊர்களில் அந்த ஆயக்கட்டில் நிலம் இல்லாதவராகப் பார்த்து வைத்தார்கள். பல ஊர்களில் அந்த ஏற்பாடு போயே போய்விட்டது. டார்ஃபூரில் சர்க்கார் கலைத்தது. நாம் நாமாகவே விட்டுவிட்டோம். போர்வெல் வந்தபிறகு யாருக்கும் யாருடைய தயவும் வேண்டாம் என்றாயிற்று. கொள்ளிடத்தில் மணல் அள்ள அள்ள அந்தப் போர்வெல்லும் கீழே போகிறது என்று தெரிந்துதான் திருமானூர்ப் பக்கத்து ஜனங்கள் மணல் குவாரி வேண்டாம் என்று போராடினார்கள்.

2000-ல் போட்ட தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் வைக்க வழியிருக்கிறது. உங்கள் ஆயக்கட்டில் சங்கம் இருந்தால் அதில், இல்லாவிட்டால் கோயில் மண்டபத்திலாவது, வாய்க்காலில் தண்ணி வருவதற்கு முன்னால் ஒருநாள் உட்காருங்கள். சித்திரை, வைகாசியில் உட்காருவது நல்லது. அப்போது யாருக்கும் அவசரம் இருக்காது, கோபமும் இருக்காது. நல்ல வருஷத்துக்கு முறைத்தண்ணி எப்படி என்று எல்லோருக்கும் தெரியும், அதைப் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏரி பாதி நிறைந்தால் என்ன, கால்வாசி நிறைந்தால் என்ன என்று இரண்டு கணக்கு மட்டும் போடுங்கள். மதகுப் பக்கத்தில் சுவரில் பெயிண்டால் இரண்டு கோடு போட்டுவிட்டால் போதும். மேல்கோட்டுக்குக் கீழே தண்ணி இருந்தால் ஏக்கருக்கு இத்தனை மணி நேரம், கீழ்க்கோட்டுக்கும் கீழே போனால் ஆளுக்கு இத்தனை ஏக்கர் மட்டும் நெல், மற்றதில் உளுந்தோ எள்ளோ என்று எழுதுங்கள். முறை கடைமடையிலிருந்து ஆரம்பிக்கட்டும். ராத்திரி முறைக்குத் தலைமடைக்காரர் ஒருவரும் கடைமடைக்காரர் ஒருவரும் சேர்ந்து போகட்டும். நிலமில்லாத கூலிக்காரர்களையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். நடவு குறைகிற வருஷத்தில் வாய்க்கால் தூர்வாரும் வேலையை யாருக்குக் கொடுப்பது என்று அவர்களோடு பேச வேண்டியிருக்கும்.

போர்வெல் வைத்திருப்பவர்கள் பக்கத்து வயலுக்குத் தண்ணி விடுவதானால் மணிக்கு என்ன ரூபாய், அல்லது விளைச்சலில் எத்தனை மூட்டை என்பதையும் நாற்று விடுவதற்கு முன்பே பேசி அதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பயிர் கருகுகிற அன்றைக்கு விலை பேசினால் கேட்கிறவருக்கும் மானக்கேடு, சொல்கிறவருக்கும் பொல்லாப்பு. நோட்டை ஒருவர் வீட்டில் பூட்டி வைக்காமல் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைக்கச் சொல்லுங்கள்.